கதவை அடைக்காமல் ஆம்ப் வாங்காதீர்கள்

செஞ்சிப் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் பலரும் முதலில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போடுவார்கள். அடுத்துப் போவது கார் ஆக்சசரீஸ் கடைக்கு. அங்கே கிடைக்கும் அறிவுரை, திண்டிவனத்தில் கேட்டாலும் திருவண்ணாமலையில் கேட்டாலும் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டாலும் ஒன்றுதான்: "கம்பெனி ஸ்பீக்கர் வேஸ்ட்டுண்ணே. கழட்டிப் போட்டுட்டு நல்ல மேக்னட் வச்ச ஸ்பீக்கரா மாட்டுங்க. ஒரு ஆம்ப் போடுங்க, டிக்கியில ஒரு பேஸ் டியூப் போடுங்க. வாட்ஸ் ஏற ஏற சவுண்டு சும்மா அள்ளும்."

இதைச் சொல்பவரின் எண்ணத்தில் நான் குறை காணவில்லை. அவரும் அதை நம்புகிறார். தன் வண்டியிலும் அப்படித்தான் மாட்டியிருக்கிறார். டாக்சி ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரும் அதையே சொல்வதால் அது அனுபவ உண்மை போல ஆகிவிட்டது. ஆனால் இந்த அறிவுரையின் வரிசையே தலைகீழ். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யச் சொல்கிறது. முதலில் செய்ய வேண்டியதைப் பற்றிப் பேசுவதே இல்லை. காருக்குள் பாட்டு எப்படிக் கேட்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும் கதவு. அடுத்தது, கொடுத்த மின்சாரத்தை அந்த ஸ்பீக்கர் எவ்வளவு ஒலியாக மாற்றுகிறது என்பது. ஆம்ப் மூன்றாவது. பெட்டியில் அச்சிட்ட வாட்ஸ் எண்ணுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. சவாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த பணம் இதில் போகிறது. அதனால் 'அவரவர் ரசனை' என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. கணக்குப் போட்டே பேசலாம்.

வாட்ஸிலிருந்தே தொடங்குகிறேன். சாதாரண கார் செட்டின் பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருக்கும். அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது? எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 52 வருகிறது. இதுதான் அந்த ஐம்பது. செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப், ஒலியலையை முழுக்க நசுக்கிச் சதுரமாக்கி, பாட்டு வெறும் கரகரப்பாக மாறிய நிலையில், வண்டி தரும் மின்னழுத்தம் அத்தனையையும் ஸ்பீக்கரில் கொட்டினால் மட்டுமே இந்த எண் கிடைக்கும். அலை கெடாமல் பாட வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. அலையின் உச்சி 14.4 வோல்ட்டைத் தாண்ட முடியாது; அப்படியானால் அதன் பயனுறு மதிப்பு (ஆர்.எம்.எஸ்.) சுமார் 10.2 வோல்ட். அதன்படி மேல்வரம்பு 26 வாட்ஸ். உள்ளே ஆகும் இழப்பைக் கழித்தால் கையில் மிஞ்சுவது 18-லிருந்து 22 வரை. எந்த பிராண்டாக இருந்தாலும், தனி ஆம்ப் இல்லாமல் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சாதாரண செட்டுக்கு இதுதான் எல்லை. பெட்டியில் 60 என்று போட்டாலும் 80 என்று போட்டாலும் இயற்பியல் மாறப் போவதில்லை.

தனி ஆம்ப் வாங்கும்போது இந்த ஏமாற்று இன்னும் பெரிதாகிறது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டியின் மேல் '2000 வாட்ஸ்' என்று தங்க எழுத்தில் இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் 20 ஆம்பியர். 14 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் உள்ளே போகும் மின்சாரமே 280 வாட்ஸ்தான். அதில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். உள்ளே 280 போனால் வெளியே 2000 எப்படி வரும்? கடையில் நின்றபடியே இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்க்கலாம். உலகம் இந்தப் பொய்யை எப்போதோ கண்டுகொண்டது. வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்ஸ் விளம்பரத்துக்கு அமெரிக்க வணிக ஆணையம் 1974-லேயே விதி போட்டது. கார் ஆம்ப்களுக்காக அங்குள்ள மின்னணுத் தொழில் சங்கம் 2003-இல் சி.இ.ஏ. 2006 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் தர முடிகிறதோ அதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது அது சி.டி.ஏ. 2006 என்று வழங்குகிறது. பெட்டியில் இந்தக் குறி இருந்தால், அல்லது 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டு எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவில் என்றும் எழுதியிருந்தால், அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 'மேக்ஸ்', 'பீக்', 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் அது அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாட்ஸ் உண்மையாகவே இருக்கட்டும். இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்தால் இரண்டு மடங்கு சத்தம் வருமா? வராது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் கூடும். 'கொஞ்சம் ஏறியிருக்கிறதே' என்று காது உணரும் அளவு அது. நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். அதாவது 50 வாட்ஸ் ஆம்பைத் தூக்கிவிட்டு 100 வாட்ஸ் ஆம்ப் வைப்பவர் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அதே 3 டெசிபலைக் காசில்லாமல் பெறவும் வழி உண்டு. ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் சின்ன எழுத்தில் இருக்கும்: 88 டெசிபல், 91 டெசிபல், 93 டெசிபல் என்று. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் எவ்வளவு ஒலி என்பதே அது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்துப் பெறுவதை 91 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸிலேயே கொடுத்துவிடும். செட்டின் 20 வாட்ஸிலேயே ஓட்டப் போகிறவருக்கு இந்த ஒரு எண்தான் முக்கியம். ஆனால் கடையில் ஸ்பீக்கரைப் புரட்டிக் காட்டி, "மேக்னட் எவ்ளோ பெருசு பாருங்க" என்பார்களே தவிர, இந்த எண்ணை வாசித்துக் காட்டுபவரைக் காண்பது அரிது. மேக்னட்டின் எடை மட்டும் எதையும் சொல்லிவிடாது. அதன் காந்தப்புலம் கம்பிச்சுருள் இருக்கும் இடைவெளியில் எவ்வளவு குவிகிறது, கூம்பு எவ்வளவு இலேசானது என்பவற்றைச் சேர்த்துத்தான் திறன் கணக்காகும். 'பேப்பர் கோன்' என்று கம்பெனி ஸ்பீக்கரை ஏளனமாகப் பேசுவதும் இப்படித்தான். பேப்பர் இலேசானது, தன் அதிர்வைத் தானே அடக்கிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. மிக உயர்ந்த விலை ஸ்பீக்கர்களிலும் பேப்பர் கூம்பு இன்றைக்கும் இருக்கிறது.

இனி கதவு. இந்தக் கட்டுரையின் அடிப்படை வாதம் இதுதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் முன்கதவின் உள்மூடியை (டோர் பேட்) ஒருமுறை கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிடிக் குழியில் மூடிக்குப் பின்னால் இரண்டு ஸ்குரூ இருக்கும். அவற்றை எடுத்து டோர் பேடை இழுத்தால் கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்து விடுபடும். உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். அதை உரித்தால் தகரத்தில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள். கண்ணாடி ஏற்றி இறக்கும் இயந்திரத்தைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கம்பெனி விட்ட வழிகள் அவை. அந்த ஓட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி, பிளாஸ்டிக் வளையத்தில் ஸ்பீக்கர். வெளித்தகரத்தை விரலால் தட்டினால் டின்னைத் தட்டியதுபோல் ஒலிக்கும்.

ஸ்பீக்கர் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்பக்கம் பிறக்கும் அலையும் பின்பக்கம் பிறக்கும் அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த ஒலியின் அலை நாலு மீட்டருக்கும் மேல் நீளமானது. அதற்கு முன்னால் ஒரு சாண் தூரம் ஒரு தூரமே கிடையாது. பின்பக்க அலை அந்த ஓட்டை வழியே முன்னால் வந்து, பேஸைப் பிறந்த இடத்திலேயே தின்றுவிடுகிறது. விரிசல் விட்ட கடத்தை எப்பேர்ப்பட்ட வித்வானிடம் கொடுத்தாலும் நாதம் எழும்பாது. ஓட்டைக் கதவில் மாட்டிய ஸ்பீக்கரின் கதியும் அதுதான். அதற்கு மேல் வாட்ஸைக் கூட்டினால் முன்னலையும் கூடும், அதை அழிக்கும் பின்னலையும் அதே அளவு கூடும். கூடுதலாகக் கிடைப்பதில் பெரும்பங்கு தகரம் நடுங்கும் சத்தமே.

ஆகவே முதல் செலவு கதவுக்கு. வெளித்தகரத்தின் உள்பக்கம் பியூட்டைல் டாம்பிங் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. தட்டினால் 'டங்' என்பது 'தொப்' என்று மாறும் வரை போதும். உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை அலுமினியத் தகடோ ஷீட்டோ வைத்து அடைக்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவே இடுக்கில்லாமல் ஃபோம் வளையம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் ஏறாத பலகையிலோ கெட்டியான பொருளிலோ செய்த வளையம் போட்டால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகளை அடைக்கவே கூடாது. அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் பாதையில் ஷீட் தட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, கழற்றிய அதே கம்பெனி ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிக் கேளுங்கள். 'வேஸ்ட்' என்று குப்பைக்கு அனுப்பப் பார்த்த ஸ்பீக்கரிலிருந்தே இதுவரை கேட்காத பேஸ் வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கம்பெனியிலேயே பொருத்தி வரும் உயர்தர ஒலியமைப்புக்கு வழிகாட்டியது 1983 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த போஸ் அமைப்பு. வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன விடுதலைப் போராளியின் மகன் அமர் போஸ் உருவாக்கியது அது. அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனிக் கூட்டுக்குள் அடைத்து, அதற்கென்று ஆம்பும் வைத்து, அந்தந்தக் காரின் உள்வெளிக்கு ஏற்பச் சரிசெய்து கொடுத்தார்கள். ஸ்பீக்கர் எந்தக் கூட்டுக்குள் இருக்கிறது, அந்தக் கூடு எந்தக் காரில் இருக்கிறது என்பதிலிருந்தே அவர்களின் சிந்தனை தொடங்கியது. நாம் அதை விட்டுவிட்டு மேக்னட்டை எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"கடையில் கேட்டேனே, புது ஸ்பீக்கர் அவ்வளவு அருமையாக இருந்ததே" என்பார்கள். இருந்திருக்கும். கடைச் சுவரில் ஸ்பீக்கர்களை வரிசையாகத் திருகியிருக்கும் பலகையைக் கவனியுங்கள். கனமான மரப்பலகை, பின்னால் அடைத்த பெட்டி அல்லது சுவர். முன்னலையும் பின்னலையும் சந்திக்கவே முடியாது. நீங்கள் ரசித்ததில் பாதி அந்தப் பலகையின் புண்ணியம். அதே ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் மாட்டியதும் அந்தப் பாதி காணாமல் போகிறது. வாங்கியவர் "இன்னும் வாட்ஸ் பத்தவில்லை" என்று ஆம்ப் வாங்க வருகிறார். அடுத்து பேஸ் டியூப் வாங்க வருகிறார். ஒவ்வொரு முறையும் ஓட்டை அப்படியே இருக்கிறது, பணம் மட்டும் போகிறது. இன்னொன்றும் உண்டு. இரண்டு பொருள்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால், சற்றே கூடுதல் சத்தமாக ஒலிப்பதைத்தான் நம் காது 'இதுதான் நல்லது' என்று சொல்லும். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டால் ஒழிய அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

அப்படியானால் ஆம்பே வேண்டாமா? வேண்டும், அதன் வேலை இன்னதென்று தெரிந்து வாங்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன காருக்குள் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்து 70 டெசிபல் அளவுக்கு இருக்கும்; அதில் பெரும்பங்கு தாழ்ந்த ஒலி. அதற்கு மேலே பாட்டு எழ வேண்டும். 90 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போதும், பாட்டு அந்த இரைச்சலைத் தாண்டிவிடும். ஆனால் பாட்டின் சராசரிக்கும், தவில் அடி விழும் கணத்துக்கும் 10-லிருந்து 15 டெசிபல் வரை வித்தியாசம் உண்டு. அந்தக் கணத்துக்கு மட்டும் பத்து, இருபது, முப்பது மடங்கு வாட்ஸ் தேவை. செட்டின் 20 வாட்ஸ் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. அடியின் உச்சி நசுங்கிக் கரகரக்கிறது. சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள ஒரு நான்கு சேனல் ஆம்ப் 4 டெசிபல் இடம் கூட்டித் தரும். உச்சி நசுங்காமல் வர அது தாராளம். ஆம்பின் உண்மையான பயன் அடி சுத்தமாக விழுவது. சத்தத்தைக் கூட்டுவது அதன் உபதொழில். இதை ஏற்றுக்கொண்டால் 2000 வாட்ஸ் பேச்சுக்கே இடமிராது.

ஆம்பில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கிறது. அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுவது பரவலான பழக்கம். செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்திக் கொடுப்பதே அதன் வேலை. பேஸ், டிரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றி, கெயினை மெல்லத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கரகரப்பு தலைகாட்டும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் கொண்டுவர வேண்டும். அத்தோடு அதைத் தொடக் கூடாது. முழுக்கத் திருப்பி வைத்த கெயின்தான் பல ட்வீட்டர்களைச் சுட்டுக் கொல்கிறது. பழி ஸ்பீக்கர் கம்பெனிக்குப் போகிறது. கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் 'ஹை பாஸ்' போடுவதும் அதே ஆம்பில் ஒரு திருகுதான். தன்னால் தாங்க முடியாத ஆழத்திலிருந்து விடுபட்ட ஸ்பீக்கர், மீதியைத் தெளிவாகச் சொல்லும்.

டிக்கியில் உருளும் பேஸ் டியூபுக்கு வருவோம். இந்த வட்டாரத்துக் காதுக்குத் தோல்வாத்தியம் தெரியும். அங்காளம்மன் கோயில் பம்பையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்கள். பம்பையின் ஒரு அடியில் இரண்டு ஒலிகள் உண்டு: தோல் அதிரும் ஆழம் ஒன்று, குச்சி தோலைத் தொடும் கணத்தின் கூர்மை இன்னொன்று. ஆழம் நூறு ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. கூர்மை சில ஆயிரம் ஹெர்ட்ஸில். இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால்தான் அது பம்பை. மலிவான பேஸ் டியூப் தனக்குப் பிடித்த ஒரே ஒரு சுருதியில் மட்டும் உறுமும். பம்பை, தவில், பேஸ் கிடார், டிரம் எல்லாம் அதற்குள் போனால் ஒரே 'டும்' ஆகத்தான் திரும்பி வரும். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இளையராஜா பாடல்களில் அந்தக் கிடார் தனி மெட்டாகவே நடந்து போகும். ஒவ்வொரு சுரமும் வேறு வேறு. அந்த நடையைக் கேட்க முடியாத பேஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் என்ன பயன்?

சப்வூஃபரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடைத்த காரின் உள்வெளி மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். அதனால் எட்டு அல்லது பத்து அங்குலத்தில், அடைத்த பெட்டியில், அடக்கமான ஒன்றே போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதனிடம் விட்டு, 'வூஃபர் ஓடுகிறது' என்று தனியாகத் தெரியாத அளவுக்கு அதன் சத்தத்தை இறக்கி வைக்க வேண்டும். ஆனால் அது நாலாவது செலவு. முதல் செலவாக அது வந்தால் கதவின் குறையை மூடி மறைக்கும் போர்வையாகிவிடும்.

வாட்ஸ் மோகம் பணத்தோடு நிற்பதில்லை. வண்டியின் உயிரிலும் கை வைக்கிறது. உண்மையான 500 வாட்ஸ் ஆம்ப், நூற்றுக்கு எண்பது திறனில் ஓடினாலும், முழு வேகத்தில் 45 ஆம்பியர் இழுக்கும். சின்ன வண்டிகளின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 70-லிருந்து 90 ஆம்பியர் வரைதான் தரும். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அதைவிடக் குறைவு. ராத்திரியில் ஹெட்லைட், ஏசி ஃபேன், வைப்பர் எல்லாம் ஓடும்போது மிச்சம் எங்கே இருக்கும்? பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரியும் வண்டிகளைத் திருவண்ணாமலை சாலையில் பௌர்ணமி இரவுகளில் பார்க்கலாம். ஓட்டுகிறவர் அதை ஆம்பின் வீரமாக எண்ணுகிறார். பேட்டரி தவிக்கிறது என்பதே அதன் பொருள்.

ஒயர் விஷயம் அதைவிட மோசம். 'ஆம்ப் கிட்' என்று வரும் மலிவு ஒயர்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பின் மின்கடத்தலில் 61 சதவீதம்தான். தடித்த ரப்பர் உறைக்குள் மெல்லிய கம்பியை மறைத்து விற்பதும் நடக்கிறது. அந்தக் கம்பி சூடாகி உருகினால் அது ஓடுவது கார்ப்பெட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்கு மேலே. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும். நடுவே ஒயர் உரசித் தகரத்தில் பட்டால் வண்டியைக் காப்பது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் மட்டுமே. கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து இணைப்பது, எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய தகரத்தில் இறுக்குவது, கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் முன் தூணில் ட்வீட்டருக்காகத் துளை போடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆம்பின் விலையில் பேரம் பேசுங்கள், ஒயரில் பேசாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா? கொடுத்ததை அப்படியே ஓட்டு" என்பவர்கள் இவர்கள். கம்பெனிக்குத் தெரியும், ஆனால் கம்பெனியின் கணக்கு விலைக்கணக்கு. கீழ் வேரியன்ட்டில் இரண்டே ஸ்பீக்கர், ட்வீட்டர் கிடையாது, சின்ன காந்தம், பிளாஸ்டிக் கூடு. பல புதிய செட்டுகளில் சத்தத்தை ஏற்ற ஏற்ற பேஸைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. மலிவு ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் காக்கவே அது. ஆக, கதவை அடைத்த பிறகும் மனம் நிறையாவிட்டால், திறன் கூடிய ஒரு ஜோடி ஸ்பீக்கரை முன்கதவில் மாட்டுவது நியாயமான இரண்டாவது செலவு. பின்கதவைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நாம் கச்சேரி கேட்பது முன்னால் பார்த்து உட்கார்ந்துதானே.

"எனக்குச் சத்தமாகக் கேட்டால்தான் பிடிக்கும்" என்பதே கடைசி வாதம். சொந்த வண்டி, சொந்தக் காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலகப் பாதுகாப்புக்கான அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவருக்குக் காது ஒரு தொழிற்கருவி. பின்னால் வரும் ஆம்புலன்ஸையும், பேரிங் தேயும் முனகலையும் அவர் கேட்டாக வேண்டும். செஞ்சிக் கோட்டையை ஊடறுத்துப் போகும் சாலையில் நடந்தும் இருசக்கர வண்டியிலும் போகிறவர்களுக்கும் காது உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. தெருவே அதிரும்படி போகும் வண்டிக்குச் சட்டத்தின் துணை கிடையாது. இப்போது வெளியாரும் நிறையவே நம் வண்டிகளில் ஏறுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம் பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அந்தக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறி இறங்கிய களைப்போடு பின்சீட்டில் சாய்பவருக்கு, முதுகில் குத்தும் 'டும்' உபசாரமாகாது. தாழ்ந்த சத்தத்திலேயே பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்பதுதான் உபசாரம். அதைக் கொடுப்பது அடைத்த கதவு.

கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. பலகையில் பத்து ஸ்பீக்கர் மாட்டிக் காட்டுகிற நீங்கள், பக்கத்தில் ஒரு பழைய கார்க் கதவையும் வையுங்கள். பாதி நேரம் ஓட்டையோடும் பாதி நேரம் அடைத்தும் ஒரே ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டுங்கள். ஷீட் ஒட்டும் கூலி நியாயமான கூலி; அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்குபவர்களுக்குச் சொல்வது இவ்வளவே. கடைக்குள் நுழைந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: கதவின் ஓட்டையை எதை வைத்து அடைப்பீர்கள்? இந்த ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல்? இந்த ஆம்ப் 4 ஓமில் சேனலுக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதன் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் கடையில் உங்கள் பணத்தை நம்பிக் கொடுக்கலாம். முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால், அந்தக் கடையில் வாங்க உங்களுக்கு எதுவும் இல்லை.